கரி பூசினா பல்லு வெளுக்குமா பாஸ்?

காலையில ஆறரை மணி. ஹாஸ்டல் வாஷ்பேசின் முன்னாடி ஒரு உருவம். வாயெல்லாம் கறுப்பு. தாடையில வழியுது கறுப்பு நுரை. தூக்கக் கலக்கத்துல பார்த்தா, மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டின ஆள் மாதிரியே இருந்துச்சு!

பயந்துடாதீங்க... ரூம்மேட்தான். 'ஆக்டிவேட்டட் சார்கோல்' பவுடர்ல பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். 14 நாள்ல முத்து மாதிரி பல்லுன்னு டப்பா மேல போட்டிருந்துச்சாம். அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ ஆச்சே!

பையனுக்கு சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். முன்பல்லுல குறுக்கால பழுப்புக் கோடு. க்ரூப் போட்டோன்னா கடைசி வரிசையில போய் நிப்பான். யாராவது ஜோக் சொன்னா கையால வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிப்பான். ஸ்கூல்ல 'காவிப் பல்லு'ன்னு கூப்பிட்டதை இன்னும் மறக்கலை.

14 நாள் முடிஞ்சது. டப்பா காலி. கோடு? அது பாட்டுக்கு அங்கேயே இருந்துச்சு. போனஸா ஒண்ணு கிடைச்சது... ஐஸ் வாட்டர் குடிச்சா 'சுரீர்'னு கூச்சம்!

தப்பு எங்கே? கரி வேலை செய்யலையா, இல்ல இவன் பல்லு மக்கர் பண்ணுதா? கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம். தோண்டினா தண்ணி வந்துச்சு! ஆமாங்க, தருமபுரிக்காரங்க பல்லு கதை தண்ணியிலதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இந்தக் கரி கதையை முடிச்சுடுவோம்.

கரியில என்ன 'ஆக்டிவேட்'?

கரியால பல் தேய்க்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. தாத்தா காலத்துல அடுப்புக்கரி, உமிக்கரி, உப்பு, செங்கல் தூள்னு கைக்குக் கிடைச்சதெல்லாம் பல்பொடிதான். அப்புறம் பேஸ்ட் வந்துச்சு, கரியை நக்கலடிச்சோம். இப்போ அதே கரி இங்கிலீஷ் பேர் வெச்சுக்கிட்டு, ஸ்டைலா ஒரு கறுப்பு டப்பாவுல ரீ-என்ட்ரி குடுத்திருக்கு!

ஆனா அடுப்புக்கரியும் இதுவும் ஒண்ணு இல்லை. கொட்டாங்குச்சி, மரம் மாதிரி பொருட்களை காத்து அதிகம் படாம சுட்டு முதல்ல கரியாக்குவாங்க. அப்புறம் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டுல அது மேல நீராவியைச் செலுத்துவாங்க. கரிக்குள்ள கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி ஓட்டைகள் விழும். இதுதான் 'ஆக்டிவேட்' பண்றது. அந்த ஓட்டைகளோட சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா, ஒரே ஒரு கிராம் பவுடர்ல 500 சதுர மீட்டர்ல இருந்து 1,000 சதுர மீட்டருக்கு மேலயும் பரப்பு இருக்கும். டென்னிஸ் கோர்ட்டே சுமார் 260 சதுர மீட்டர்தான்! நம்ம காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் கொட்டாங்குச்சியில இதைத் தயாரிச்சு வெளிநாட்டுக்கே அனுப்புறாங்க.

இந்தச் சுவர்ல பல வேதிப்பொருட்கள் வந்து ஒட்டிக்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில 'அட்சார்ப்ஷன்'னு படிச்சு, எக்ஸாம் முடிஞ்ச கையோட மறந்தோமே... அதேதான். மாத்திரையை அளவுக்கு மீறி முழுங்கினவங்களுக்கு, சில வகை விஷம் சாப்பிட்டவங்களுக்கு, ஆஸ்பத்திரியில இந்தக் கரியைத் தண்ணியில கரைச்சுக் குடுப்பாங்க. பெரியவங்களுக்கு 50 கிராம் அளவுக்குக் கூட போகும். வயித்துல இருக்கிற மருந்தை அது பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல கலக்க விடாது. வாட்டர் ஃபில்டர்ல கெட்ட வாடையை எடுக்கிறதும் இதே கரிதான்.

விளம்பர லாஜிக் எங்கே ஆரம்பிக்குதுன்னு இப்போ புரியுதா? 'விஷத்தையே பிடிக்கிற கரி, பல்லுல இருக்கிற கறையைப் பிடிக்காதா?' கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வயித்துல இருக்கிறது கரைஞ்சு மிதக்கிற மருந்து. கரிக்கு அங்கே நேரமும் நிறைய இருக்கு. பல்லுல இருக்கிறது ஏற்கெனவே கெட்டியா அப்பிக்கிட்ட கறை. பிரஷ் வாயில இருக்கிறது ரெண்டே நிமிஷம். போதாக்குறைக்கு எச்சில், பேஸ்ட் நுரை எல்லாம் அந்த ஓட்டைகளை முதல்ல அடைச்சுக்கும்.

இதைப் பத்தி வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி, அமெரிக்க பல் மருத்துவ சங்கத்தோட இதழ்ல 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. கரிப் பல்பொடி பாதுகாப்பானதுன்னோ, பலன் தரும்னோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைங்கிறதுதான் அதோட முடிவு. 2019-ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிச்சு.

தேய்க்கத் தேய்க்க... மஞ்சள்!

'இல்ல பாஸ், எனக்கு நிஜமாவே வெளுத்துச்சு'ன்னு நீங்க சொல்லலாம். பொய்ன்னு சொல்ல மாட்டோம். டீ, காபி, வெற்றிலை, சிகரெட்... இதுங்க கறையெல்லாம் பல்லுக்கு மேல படியுறது. சொரசொரப்பான எதை வெச்சுத் தேய்ச்சாலும் அதுல கொஞ்சம் போகும். உப்புத் தாள் வெச்சுத் தேய்ச்சாலும்தான் போகும். அதுக்காகத் தேய்ப்பீங்களா?

பல்லோட வெளிப்பூச்சுக்கு எனாமல்னு பேர். நம்ம உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான பொருள் அதுதான். கனிமங்களோட கெட்டித்தன்மையை அளக்கிற 'மோஸ்' அளவுகோல்ல எனாமலுக்கு சுமார் 5 மார்க். சாதாரண மணல் துகளுக்கு 7. வீட்டு அடுப்புக்கரியில சாம்பலும் மண்ணும் கலந்திருக்கும். உமியைச் சுட்டா மிஞ்சுற சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்காதான். கடைக் கரியிலயும் துகளோட அளவு பிராண்டுக்கு பிராண்ட் மாறும். பேஸ்ட் எந்த அளவுக்கு அரிக்கலாம்னு சர்வதேச தர அமைப்பு ஒரு எல்லை வெச்சிருக்கு. 250-க்கு மேல போகக் கூடாது. நீங்க வாங்கின பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாருங்க, அந்த நம்பர் இருக்கான்னு!

எலும்பு முறிஞ்சா ஒட்டும், நகம் உடைஞ்சா வளரும். எனாமல் தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான், திரும்ப வளராது. எனாமலுக்கு அடியில இருக்கிறது டென்டின். அதோட கலரே மஞ்சள்! வெள்ளையாக்கணும்னு தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சு மெலிஞ்சு உள்ளே இருக்கிற மஞ்சள் எட்டிப் பார்க்கும். கூடவே கூச்சமும் வரும். சுவத்துல பெயின்ட் போற வரைக்கும் தேய்ச்சா செங்கல்தானே தெரியும்?

சிலர் எலுமிச்சம்பழச் சாறையும் கரியோட கலந்து தேய்க்கிறாங்க. இது டபுள் ஆப்பு! அமிலத்தன்மை பி.ஹெச். 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 3-க்குள்ள நிக்கும். முதல்ல ஆசிட்ல ஊறவெச்சு, அப்புறம் கரியால சுரண்டுற வேலை இது.

நம்ம ஊர் மேட்டரே வேற!

சரி, ரூம்மேட் கதைக்கு வருவோம். கூச்சம் தாங்காம பல் டாக்டர்கிட்ட போனான். டீ குடிப்பியா, சிகரெட் பிடிப்பியான்னு கேட்பாருன்னு பயந்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான். வாயைத் திறந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'எந்த ஊரு?' ரெண்டாவது கேள்வி, 'சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சே, போர் தண்ணியா?'

அந்தப் பழுப்புக் கோட்டுக்குப் பேர் ஃபுளோரோசிஸ். தருமபுரி மாவட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு இது தெரிஞ்ச முகம்தான். நம்ம மாவட்டம் கருங்கல் பூமி. இந்தப் பாறைகள்ல இருக்கிற கனிமங்கள்ல ஃபுளோரைடு உண்டு. கிணறு வத்தினதும் போர் போட்டோம். ஆழமா, இன்னும் ஆழமா. ஆழத்துல இருக்கிற தண்ணி பாறையோட வருஷக்கணக்கா ஒட்டி உறவாடுறதால ஃபுளோரைடு அதுல கரைஞ்சு ஏறிடுது. கலர் இல்லை, வாசனை இல்லை, ருசியிலயும் தெரியாது.

குடிதண்ணியில ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரைக்கும் ஓ.கே., வேற தண்ணிக்கே வழி இல்லைன்னா 1.5 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இந்தியத் தர நிர்ணய விதி சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லையும் 1.5-தான். இது எவ்வளவு தெரியுமா? 15 லிட்டர் குடத்துக்கு 22.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் கம்மி!

ஃபுளோரைடு கொஞ்சமா இருந்தா பல்லுக்கு நல்லது, சொத்தை வராம தடுக்கும். அதனாலதான் பேஸ்ட்ல சேர்க்கிறாங்க. ஆனா குழந்தையா இருக்கும்போது, ஈறுக்குள்ள நிலைப்பல் உருவாகிற சமயத்துல, அளவுக்கு மீறி உடம்புக்குள்ள போனா எனாமல் சரியா இறுகாது. நுண்ணிய ஓட்டைகளோடவே பல் முளைக்கும். லேசா இருந்தா வெள்ளைத் திட்டு. அதிகமா இருந்தா முளைச்ச பிறகு பழுப்பு ஏறும், ரொம்ப அதிகம்னா குழி விழும். பிறந்ததுல இருந்து சுமார் எட்டு வயசு வரைக்கும்தான் இந்த ஆபத்து. அதுக்கப்புறம் அதே தண்ணியைக் குடிச்சாலும் பல்லுல புதுசா கோடு விழாது.

இப்போ புரிஞ்சுதா? அது பல்லு மேல ஒட்டின அழுக்கு இல்லை. பல்லு உருவானப்பவே உள்ளே நெய்யப்பட்ட கோடு. சட்டையில காபி கொட்டினா துவைக்கலாம். சட்டைத் துணியிலேயே கோடு போட்டு நெஞ்சிருந்தா? எந்த சோப்பு போட்டு என்ன பிரயோஜனம்? கிழியுற வரைக்கும் துவைக்க வேண்டியதுதான்.

'ஒழுங்கா பல் விளக்காதவன்'னு கிண்டல் பண்ணினாங்களே... அந்தக் கிண்டல்லதான் மொத்தத் தப்பும். எங்க ரூம்ல ரெண்டு வேளையும் பல் விளக்குற ஒரே ஆள் அவன்தான்!

கொலராடோ டு நெல்லூர்

இது தருமபுரிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1901-ல் அமெரிக்காவோட கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃபிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர், அந்த ஊர்க்காரங்க பலருக்கும் பல்லுல பழுப்புக் கறை இருக்கிறதைப் பார்த்து அசந்து போனார். காரணம் தேடி முப்பது வருஷம் அலைஞ்சார். 1931-ல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணியைச் சோதிச்சுப் பார்த்து ஃபுளோரைடுதான் ஆள்னு கண்டுபிடிச்சார்.

நம்ம பக்கம்? 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்துல இந்த நோயைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதிட்டாங்க. அங்கே பல்லோட நிக்கலை, முதுகெலும்பும் மூட்டும் இறுகிப் போய் நிமிர முடியாத ஆட்களைப் பார்த்தாங்க. தண்ணியில லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் இருந்து, அதை வருஷக்கணக்கா குடிச்சா எலும்பையும் தாக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்குது. ஸோ, பல்லுல விழுந்த கோடு அழகுப் பிரச்னை மட்டும் இல்லை. 'இந்த ஊர்த் தண்ணியைக் கொஞ்சம் பாருங்கப்பா'ன்னு எரியுற சிவப்பு விளக்கு அது.

நாமதான் 'போர்வெல் பேட்ச்'

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட முழுப் பேரைக் கவனிச்சிருக்கீங்களா? 'ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. நம்ம பல்லு அந்தப் பேர்லயே இருக்கு! ஜப்பான் கடனுதவியோட, 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணி, தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணியைக் கொண்டு வந்த திட்டம். 2008 பிப்ரவரியில அடிக்கல். அந்த வருஷம் கர்நாடகாவுல எதிர்ப்பு கிளம்பி, சென்னையில நம்ம சினிமாக்காரங்க உண்ணாவிரதமே இருந்தாங்க. 2013 மே மாசம் திட்டம் தொடங்கி வெச்சாங்க.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. இன்னிக்கு காலேஜ்ல இருக்கிற நம்ம செட் 2005-ஐ ஒட்டிப் பிறந்தது. ஒகேனக்கல் தண்ணி வந்தப்போ நமக்கு ஏழெட்டு வயசு. முன்பல்லோட எனாமல் நாலஞ்சு வயசுக்குள்ளேயே உருவாகி முடிஞ்சுடும். அதாவது, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே நம்ம பல்லு ரெடி! கடைசி போர்வெல் பேட்ச் நாமதான் பாஸ். அரியர் மாதிரி இதைத் திரும்ப எழுதவும் முடியாது.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. ஆனா டப்பாவுல இல்லை, டாக்டர்கிட்ட இருக்கு. முதல்ல அது வெறும் கறையா, ஃபுளோரோசிஸான்னு பார்க்கணும். டீக்கறை, பாக்குக்கறைன்னா ஸ்கேலிங் பண்ணினாலே போகும். 'கிளீன் பண்ணினா பல்லு ஆடும்'னு சொல்றது புரளி. காரை போனதும் ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரியும், அவ்வளவுதான்.

லேசான ஃபுளோரோசிஸுக்கு 'மைக்ரோ அப்ரேஷன்'னு ஒண்ணு இருக்கு. டாக்டர் ஈறுக்குப் பாதுகாப்பு குடுத்துட்டு, மேல்பரப்புல ரொம்ப மெல்லிசா, அளவோட எடுப்பார். கரியால நாம கண்ணை மூடிக்கிட்டுப் பண்றதை அவர் அளந்து பண்றார், அதான் வித்தியாசம். பெராக்சைடு வெச்சுப் பண்ற ப்ளீச்சிங் உள்ளே போய் நிறப்பொருளைச் சிதைக்கும், ஆனா இதையும் டாக்டர் பார்வையிலதான் பண்ணணும். பிசின் மாதிரி ஒரு திரவத்தை எனாமல் ஓட்டைக்குள்ள இறக்கி அடைக்கிற முறையும் வந்தாச்சு. குழி விழுந்த பல்லுக்குப் பல் நிறத்துலயே பூச்சு, மேல ஒட்டுற மெல்லிய ஓடு, கடைசியா 'கேப்'. செலவு ஒண்ணுக்கொண்ணு எகிறும். அதனால முதல்ல அரசு மருத்துவமனை பல் பிரிவுல காட்டி, எந்த நிலைன்னு தெரிஞ்சுக்கோங்க. எல்லாத்தையும் விட முக்கியம், லேசான கோடுன்னா எதுவுமே பண்ணாமலும் இருக்கலாம். அந்தப் பல்லு கடிக்கும், மெல்லும், சிரிக்கும்!

வீட்டுல யாருக்கு எட்டு வயசுக்குக் கீழே?

நம்ம பல்லு முடிஞ்ச கதை. தங்கச்சி, தம்பி, அக்கா பசங்க பல்லு இன்னும் ஈறுக்குள்ள எழுதிக்கிட்டு இருக்கிற கதை. குழாய்ல ஒகேனக்கல் தண்ணி வராத நாள்ல வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறாங்க? சோறு, கூழ், பால் பவுடர் எதுல கலக்கிறாங்க? அங்கேதான் நாம மூக்கை நுழைக்கணும்.

தண்ணியைக் கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகி, மிச்சத்துல இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். சாதாரண கேண்டில் ஃபில்டர்லயும் போகாது. காமெடி என்னன்னா, நம்ம ஹீரோ ஆக்டிவேட்டட் கரி இருக்கே... அது ஃபுளோரைடை சரியாப் பிடிக்காது! பல்லுல வந்த கோட்டையும் எடுக்காது, கோடு போட்ட வில்லனையும் பிடிக்காது. அதுக்கு ஆக்டிவேட்டட் அலுமினா, இல்லைன்னா ஆர்.ஓ. வேணும். படிகாரம், சுண்ணாம்பு போட்டு ஃபுளோரைடைப் படிய வைக்கிற ஒரு முறைக்கு 'நல்கொண்டா முறை'ன்னே பேர். நம்மளை மாதிரியே பாதிக்கப்பட்ட தெலங்கானா மாவட்டத்தோட பேர் அது.

பேக்ஸ்ல குறிச்சுக்கோங்க!

* போர் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 1.5-க்கு மேலன்னா குடிக்க, சமைக்க வேண்டாம். குளிக்க, துவைக்க தாராளமா யூஸ் பண்ணலாம்.

* மழைத்தண்ணியில ஃபுளோரைடு பெரும்பாலும் இருக்காது. சுத்தமா சேமிச்சா போனஸ்.

* குட்டிப் பசங்களுக்கு மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். துப்பப் பழக்குங்க, முழுங்க விடாதீங்க.

* கரி, செங்கல் தூள், சாம்பல், எலுமிச்சை எல்லாத்துக்கும் டாட்டா. மெத்துனு ஒரு பிரஷ், ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம். ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னாங்க பெரியவங்க. கரியைச் சேர்க்கலையே!

* பழுப்புப் பல்லு இருக்கிற ஃப்ரெண்டைக் கிண்டல் பண்ணாதீங்க. அது அவன் தப்பு இல்லை, அவன் ஊர்த் தண்ணி.

அப்புறம் ரூம்மேட் இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்கிறீங்களா? பல்லைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. சி ப்ரோக்ராம்தான் கேட்டாங்க. அதுல சொதப்பினது தனிக் கதை! ஆனா அன்னிக்கு ராத்திரியே பயல் ஊருக்கு போன் போட்டான். அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. இன்டர்வியூ பத்தி அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே இவன் கேட்டுட்டான்...

''அக்கா, பாப்பாவுக்கு எந்தத் தண்ணி குடுக்கிறே?''